பாட்டில் விட்ட இடம்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு,
24 ஜனவரி 2025

அன்புள்ள வீணா,

இங்கே நாங்கள் நலம். நீயும் நலம் என்று உன் மகன் நரேஷ் சொன்னான். அதைத் தெரிந்துகொள்ளப் பிள்ளையிடம் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. உன் போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. அதனால்தான் தபால். போனைத் துண்டிக்கலாம். கடிதம் வாசலிலேயே கிடக்கும், கால் இடறும்போதாவது எடுப்பாய்.

பொங்கல் விழாவில் நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நம் ஞாயிறு பாட்டுக் குழு முதன்முதலாக மேடை ஏறிய நாள். கம்பெனி பஸ்ஸில் நீங்கள் பாடிவந்த உன் பஸ் பாட்டுக்கு நீதான் முன்பாட்டு. முதல் அடியைக் கணீரென்று எடுத்தாய். பின்னால் நின்ற நாங்கள் ‘தன்னானே தானானே’ என்று வாங்கிக்கொண்டோம். இரண்டாவது அடிக்கு நீ வாய் திறக்கவில்லை. கை காட்டி எங்களை நடத்தும் அம்ருதா தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். ஒப்பிக்க வந்த பிள்ளை நடுவில் நின்றால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொள்ளும். "ம்... சொல்லு கண்ணு, பயப்படாதே, டீச்சர் இருக்கேன்ல" என்றேன். உன் மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுவதற்கும் கொடுக்கும் என்று நினைக்கவில்லை. அதோடாவது நிறுத்தியிருக்கலாம். ஜனங்கள் சிரித்ததும், "எல்லாரும் வீணாவுக்கு ஒரு கை தட்டுங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர்களும் தட்டினார்கள். நீ இறங்கிப் போய்விட்டாய்.

நல்ல மனதோடுதான் செய்தேன், வீணா. மேடை பயம் யாருக்கு இல்லை? பள்ளியில் முதல் நாள் அழுகிற பிள்ளை பள்ளிக்கூடத்தைப் பார்த்து அழுவதில்லை. திரும்பிப் போகும் அம்மாவின் முதுகைப் பார்த்துத்தான் அழும். ஒரு வாரம் போனால் அதே பிள்ளை மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தோசைக்கல்லையே எடுத்துக்கொள். முதல் தோசை ஒட்டத்தான் செய்யும். அதற்காகக் கல்லையா தூக்கி எறிகிறோம்? இன்னும் இரண்டு மேடை ஏறினால் சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வா. உனக்குப் பிடித்த கத்திரிக்காய் வதக்கி வைக்கிறேன்.

உன் அண்ணி,
யசோதா

*

ஆஸ்டின் டவுன்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வீணா,

கத்திரிக்காயை உன் அண்ணன் ஒருவரே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "என் தங்கச்சிய வெரட்டிட்டு எனக்கு வதக்கிப் போடுறியா?" என்று கேட்டார். சாப்பிடும் முன் கேட்டிருந்தால் தட்டை எடுத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

இன்று ஒத்திகையில் உன் இடம் காலியாகவே இருந்தது. மௌரீன் தன் தமிழ் வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவள் அல்லவா, அவளே தாளைக் கீழே வைத்துவிட்டாள். "வீணா எங்க மேன்? அவ இல்லாம நம்ம பாட்டு சாவு வீட்டு ப்ரேயர் மாதிரி இருக்குது" என்றாள். அம்ருதா உன் வரிகள் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தப் பெண் வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை நமக்குத் தருகிறாள்.

சைக்கிள் கற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பாய். விழுந்தவன் உடனே ஏறிவிட்டால் பயம் கீழேயே கிடந்துவிடும். தள்ளிப் போட்டால் அதுவும் கூடவே எழுந்து வீட்டுக்கு வரும். ஹெப்பகோடியில் உட்கார்ந்துகொண்டு நீ அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறாய்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
யசோதா அண்ணி

*

ஹெப்பகோடி,
17 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

திட்டியாவது எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

உதாரணம் போதும் அண்ணி. முதல் தோசை ஒட்டும் என்றீர்கள். ஒட்டினால் தோசைக்கு அவமானம் கிடையாது. அதைச் சுற்றி யாரும் உட்கார்ந்து கை தட்டுவதும் இல்லை. நான் கார்மென்ட்ஸில் நாற்பது தையல்காரிகளுக்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆர்டர் போகிற நாளில் என் முன்னால் மேனேஜரே குரலைத் தாழ்த்திப் பேசுவார். என்னைப் போய் ‘கண்ணு’ என்று சொல்லி இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டீர்கள். மண்டபத்தில் எங்கள் பஸ்ஸில் வந்த இரண்டு பேர் இருந்தார்கள். மறுநாளே அதில் ஒருத்தி போன் செய்து, "அக்கா, டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை, அதைத்தான் விட முடியவில்லை. இரண்டு கடிதம் எழுதினீர்கள். பயம், பயம் என்று எழுதினீர்கள். ஏன் நிறுத்தினாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் மறக்கவில்லை அண்ணி. பயப்படவும் இல்லை. காத்திருந்தேன்.

பஸ்ஸில் அந்தப் பாட்டை ஒருத்தியே பாட மாட்டோம். முன்பாட்டு ஓர் அடி, அதாவது நாலு வரி, எடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். அடுத்த அடி யாருக்கு வாயில் வருகிறதோ அவள் எடுப்பாள். அம்ருதா தாளில் நாலு அடியையும் என் பெயருக்கே எழுதிக் கொடுத்திருந்தாள். ஒத்திகையில் அப்படியே பாடினேன். மேடையில் பாட்டு சூடு பிடித்ததும் தாள் மறந்து பஸ் ஞாபகம் வந்துவிட்டது. விட்டுவிட்டுக் காத்திருந்தேன். யாராவது எடுப்பீர்கள் என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு என் அன்பு. நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லுங்கள்.

வீணா

*

ஆஸ்டின் டவுன்,
25 பிப்ரவரி 2025

அன்புள்ள வீணா,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். ‘காத்திருந்தேன்’ என்ற இடத்தில் அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

நான் கேட்டிருக்க வேண்டும். உதாரணம் ஒன்று பேனா முனைவரை வருகிறது, எழுதப் போவதில்லை.

இப்போது கேட்கிறேன். அந்தப் பாட்டு எப்படி? எந்த ஊர் மெட்டு? யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஒருவரும் எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. வீட்டில் நான் முயன்று பார்த்தேன். ஓர் அடி பாடிவிட்டு உன் அண்ணனைப் பார்த்து நிறுத்தினேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி, "கேஸ் தீந்துருச்சா?" என்றார்.

அன்புடன்,
யசோதா அண்ணி

*

ஹெப்பகோடி,
10 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கேஸ் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். கோபம் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெட்டு கிருஷ்ணகிரிப் பக்கத்து நடவுப் பாட்டு. அந்தப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் எங்கள் கம்பெனியில் இருந்தார்கள். மெட்டு அவர்களுடையது, வார்த்தை பஸ்ஸில் பிறந்தது. சாயங்காலம் பொம்மனஹள்ளியில் கம்பெனி பஸ் ஏறினால் ஓசூர் ரோட்டில் நகரவே நகராது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "ஹாடி அக்கா, ஹாடி" என்று பாடச் சொல்வார். கன்னடக்காரர், ஆனால் எல்லாப் பாட்டும் அவருக்குப் புரியும். நான் எடுப்பேன்:

ஊசியிலே நூலைக் கோத்தேன்
உச்சி வெயில் சாய்ஞ்சு போச்சு
பஸ்ஸுக்குள்ளே ஏறிக்கிட்டேன்
பாதி உசுரு திரும்பிடுச்சு

எல்லாரும் ‘தன்னானே’ சொல்வார்கள். அப்புறம் நிறுத்திவிடுவேன். பெரும்பாலும் பாஞ்சாலிதான் எடுப்பாள். அத்திப்பள்ளியில் இறங்குகிறவள், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்தவள். பகலில் தையல் கோணிய பீஸை நான் அவள் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டித் திட்டியிருப்பேன். சாயங்காலம் அது பாட்டாகத் திரும்பி வரும்:

காலையிலே பீஸைப் பாத்து
கத்திரிக்கோலாப் பேசுறவ
சாயங்காலம் சீட்டுக் கேட்டு
சக்கரையாப் பேசுறாளே

பஸ்ஸே சிரிக்கும். நான் அதற்கு ஒரு பதில் எடுத்தாக வேண்டும். அது முடிந்தால்தான் மறுநாள் அவள் மெஷினில் உட்கார முடியும், நான் அவள் பின்னால் நிற்க முடியும். இதில் ஒரே ஒரு சட்டம். மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேலிதான் செய்ய வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த பெண் பாட்டிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். எல்லாரும் சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அன்றைக்குப் பாட்டே இல்லை.

ஒருவரும் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. பொங்கல் அன்றுதான் முதல் தடவை.

இன்னொன்று. அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அன்றைக்கு எனக்கு பயம் இல்லை என்று எழுதினேன். இப்போது இருக்கிறது. அடுப்படியில் தனியாக நின்றுகூடப் பாட வரவில்லை. முதல் அடி வருகிறது. முடிந்ததும் அந்தக் கைதட்டல் காதில் விழுகிறது, தொண்டை அடைத்துக்கொள்கிறது. ‘என்னம்மா, வீடு சத்தமே இல்லாம கெடக்கு?’ என்று நரேஷ் கேட்கிறான். என்ன சொல்ல?

வீணா

*

ஆஸ்டின் டவுன்,
24 மார்ச் 2025

அன்புள்ள வீணா,

அண்ணனிடம் சொல்லவில்லை.

உன் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் அறிவுரையாகவே வந்தன. ஆகையால் செய்தியை மட்டும் எழுதுகிறேன்.

ஹெப்பகோடியில் பெண் தொழிலாளர்கள் மே தினம் கொண்டாடுகிறார்களாம். நம் குழுவைப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதிலும் உன் பஸ் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். அம்ருதாவிடம் உன் பாட்டின் சட்டத்தைச் சொன்னேன். "ஆன்ட்டி, அப்ப ஷீட்டே வேண்டாமா? கடவுளே, எனக்குக் கை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியாதே" என்றாள். ஆனாலும் சரி என்றாள். நீ முன்பாட்டு எடுப்பாய், பிறகு நிறுத்துவாய், யாருக்கு வருகிறதோ அவர் எடுக்கலாம்.

நீ வருவாயா? வராவிட்டால் அந்தப் பாட்டைப் பாடப் போவதில்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இது மிரட்டல் இல்லை. உன்னை விட்டு அதைப் பாட எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
யசோதா அண்ணி

*

ஹெப்பகோடி,
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மே தினக் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று தெரியுமா? என் தையல் லைனில் இருந்த பெண்கள் பாதிப் பேர் வருவார்கள். பாஞ்சாலி வருவாள். அவர்கள் முன்னால் தொண்டை அடைத்தால் நான் ஹெப்பகோடியில் காய்கறி வாங்கக்கூடத் தெருவில் இறங்க முடியாது.

யாருக்கு வருகிறதோ அவர் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு வரும்? மௌரீனுக்கா? அம்ருதாவுக்கா? பாஞ்சாலி கீழே உட்கார்ந்திருப்பாள், மேடையில் இருக்க மாட்டாள். நான் நிறுத்துவேன், அந்த இடம் பொங்கல் அன்று போலவே காலியாகக் கிடக்கும்.

ஒன்று கேட்கிறேன். குழு தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் மௌரீனின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். ஒரு வரிகூடத் தனியாகப் பாடியதில்லை. மைக் பக்கம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறீர்கள். மேடை பயத்துக்கு அத்தனை உதாரணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இரண்டாவது அடியை நீங்கள் எடுப்பதாக இருந்தால் வருகிறேன். முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு வரக் கூடாது. எழுதி வைத்ததைப் பஸ்காரிகள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீணா

*

ஆஸ்டின் டவுன்,
12 ஏப்ரல் 2025

அன்புள்ள வீணா,

எடுக்கிறேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ சொன்னது உண்மை. பிள்ளைகள் முன்னால் எனக்கு பயமே கிடையாது. பெரியவர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்ஸ்பெக்ஷன் நாட்களில் அதிகாரி பின் பெஞ்சில் உட்கார்ந்தால், ‘பிள்ளைகளே, எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லுங்கள்’ என்று அவர்கள் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழைந்ததே இல்லை. இப்போது குறிப்பு இல்லாமல் வா என்கிறாய்.

உன் அண்ணனிடம் பழகிப் பார்க்கிறேன். நேற்று அவர் குளித்துவிட்டுத் துண்டை நாற்காலியில் போட்டதைப் பற்றி இரண்டு வரி கட்டினேன். "பரவால்லியே, இன்னும் ரெண்டு வரி பாடு, துண்ட எடுத்துக் காயப் போடறேன்" என்றார். மூன்றாவது வரி வரவில்லை. துண்டு அங்கேயே கிடக்கிறது.

ஒத்திகைக்கு வா. பாட வேண்டாம், சும்மா வந்து உட்கார்.

அன்புடன்,
யசோதா அண்ணி

*

ஆஸ்டின் டவுன்,
4 மே 2025

அன்புள்ள வீணா,

இனிமேல் போனிலேயே பேசிக்கொள்ளலாம் என்று மே தின மேடையிலிருந்து இறங்கும்போது சொன்னாய். ஆனால் இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் முடிக்க மாட்டேன். ஆகையால் இன்னும் ஒரு கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதி வைத்திருந்தேன். எழுதி, அடித்து, திருத்தி, மனப்பாடமும் செய்திருந்தேன். நாலு வரி. நாத்தனார் அருமை, பாசம் என்று என்னவெல்லாமோ. எதுகை மோனை எல்லாம் பிசகாமல் இருந்தது.

நீ முதல் அடி எடுத்தாய். உன் குரல் கொஞ்சம் நடுங்கியது, ‘உச்சி வெயில்’ வந்ததும் சரியானது. கீழே அத்தனை பெண்களும் ‘தன்னானே’ சொன்னார்கள். எங்கள் குரலே எனக்குக் கேட்கவில்லை. பிறகு நீ நிறுத்தினாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ நிறுத்தியது கதவைத் திறந்து வைப்பது போல இருந்தது. பொங்கல் அன்றும் அப்படித்தானே திறந்து வைத்திருந்தாய்? என் மனப்பாடம் முழுக்கப் போய்விட்டது. ஒரு சொல்கூட மிச்சமில்லை. மௌரீன் பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்து மைக்கை நோக்கி ஒரு தள்ளு தள்ளினாள். "போ மேன்" என்றாள். அம்ருதா கையைத் தூக்கவில்லை, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி (பாஞ்சாலி என்று பிறகு சொன்னாய்) வாயைத் திறக்கப் போனாள், அவளாகவே மூடிக்கொண்டாள். எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். உன்னைப் பார்த்தேன். மூன்று மாதமாக நீ எப்படி இருந்திருப்பாய் என்று கண்ணில் வந்தது. அவ்வளவுதான், வாயிலும் வந்துவிட்டது:

பஸ்ஸு ஏறிப் பாட வந்தா
பாதியிலே நிறுத்திப்புட்டா
மூணு மாசம் மூஞ்சி தூக்கி
மூலையிலே குந்திக்கிட்டா

இதை நானா பாடினேன்? ‘குந்திக்கிட்டா’ என்று ஒரு பிள்ளை என் வகுப்பில் எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். சிரிப்பில் மேடையே அதிர்ந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் உன் பதில் தயாராக நிற்கிறது:

மூலையிலே குந்தினாலும்
லெட்டரிலே பாடம் வந்துச்சு
தோசைக்கல்லு உதாரணத்தில்
தொண்டையெல்லாம் கருகிப் போச்சு

அந்தக் கடைசி வரிக்கு உன்னை என்ன செய்தால் தகும்? ஹெப்பகோடி முழுக்க இப்போது நான் தோசைக்கல் டீச்சர். முன்பின் தெரியாத பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க டீச்சர்" என்கிறார்கள். உன் அண்ணன் இரண்டு நாளாகத் தோசை தவிர வேறு எதுவும் கேட்பதில்லை.

உன் குரல் உனக்குத் திரும்பிவிட்டதா? இதை மட்டும் உதாரணம் இல்லாமல் கேட்கிறேன்.

அன்புடன்,
யசோதா அண்ணி

*

ஹெப்பகோடி,
11 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்வதுதான் மரியாதை.

நீங்கள் எழுதி வைத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். காலையில் பார்த்தபோதே உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டேன். நான் நிறுத்தியதும் உங்கள் முகம் வெளுத்துவிட்டது. புடவைத் தலைப்பைத் தேடினீர்கள், மைக்கைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். ‘சொல்லுங்க அண்ணி, பயப்படாதீங்க’ என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம்தான் பொங்கல் அன்று உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரிந்தது. பக்கத்தில் ஒருவர் தவிக்கும்போது சும்மா நிற்பது லேசில்லை. மீதி இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. நீங்கள் பாடியதில் போகவில்லை, அதற்கு முன்பே போய்விட்டது. இதை அண்ணனிடம் சொல்லலாம்.

உங்கள் அடியில் தாளம் சரி, சுருதி கொஞ்சம் கீழே. பாஞ்சாலி கேட்டாள், "உங்க அண்ணி எந்தக் கம்பெனி பஸ்ஸு?" என்று. இதைவிடப் பெரிய பாராட்டு அவள் யாருக்கும் கொடுத்து நான் கேட்டதில்லை. அவளும் இனி ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். மௌரீனை எச்சரித்து வையுங்கள், பாஞ்சாலியின் கேலி யாரையும் விடாது.

குரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று காலையில் பால் வாங்கக் கடைக்குப் போனேன். கூட்டம். நிற்கிற நேரத்தில் என்னை அறியாமல் ‘ஊசியிலே நூலைக் கோத்தேன்’ என்று எடுத்திருக்கிறேன். நாலு வரியும் வந்தது. தொண்டை அடைக்கவில்லை. முடித்துவிட்டு வழக்கம்போல நிறுத்தினேன்.

கடைக்காரர் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "நல்லாத்தானே இருந்துச்சு, ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார்.

"நான் நிறுத்தல. இப்ப நீங்க எடுக்கணும்" என்றேன்.

மனுஷன் வரிசையில் நின்ற எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார், அண்ணி.

உங்கள்,
வீணா